பழைய அலமாரிக்குள் ஸ்பீக்கர் பொருத்தலாமா?

கேள்வி: பரம்பரையாக வந்த ஈட்டி மர அலமாரி ஒன்று எங்களிடம் உள்ளது. கதவு முழுவதும் பூ வேலைப்பாடு. அதற்குள் ஸ்பீக்கர் பொருத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா, அல்லது அதே சாயலில் புதிதாகச் செய்வது நல்லதா?

பதில்: அலமாரியில் ரம்பம் படவேண்டாம். அதைப் பார்த்து அதே சாயலில் புதிய பெட்டிகளைச் செய்துகொள்ளுங்கள்.

பழைய மரத்துக்கு இனிய நாதம் உண்டு என்று அவர் சொல்லியிருப்பார். வீணையில் மரமே அதிர்ந்து பாடவேண்டும். ஸ்பீக்கர் பெட்டியோ இயன்றவரை அதிராமல் இருக்கவேண்டும். பெட்டியும் சேர்ந்து அதிர்ந்தால் பாடகரின் குரலோடு பலகையின் முனகலும் உங்கள் காதுக்கு வரும். மேலும், முழுமரப் பலகை ஈரப்பதத்துக்கேற்ப இழையோட்டத்தின் குறுக்கே விரிந்து சுருங்குவதால், பழைய அலமாரியின் மூட்டுகளில் மயிரிழை இடுக்குகள் இருந்தே தீரும். துணி வைப்பதற்கு அவை குறையல்ல. காற்றுப் புகாமல் மூடவேண்டிய பெட்டிக்கு அவை பெருங்குறை. ஆகவே 18 மில்லிமீட்டர் பிளைவுட் அல்லது மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் பெட்டியைச் செய்து, உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, வெளியே ஈட்டி வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது கொள்ளளவு. உள் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். உட்புறம் 80, 40, 100 சென்டிமீட்டர் உள்ள அலமாரி 320 லிட்டர். தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் ஸ்பீக்கரான வூஃபரில், ஆறரை அங்குல அளவுள்ளவை பலவற்றுக்கு 10 முதல் 25 லிட்டரே போதும். எந்த வூஃபருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடும் முறையைத் தீல் என்ற பொறியாளர் 1961-இல் எழுதினார். 1970-களில் ஸ்மால் என்ற மற்றொரு பொறியாளர் அதை விரிவாக்கினார். இத்தனை காலத்துக்குப் பிறகும் வூஃபரின் அட்டைப்பெட்டியில் வாட் எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, இந்தக் கணக்குக்கு வேண்டிய எண்கள் அடங்கிய அளவீட்டுத் தாளைக் கேட்டால் விழிக்கும் விற்பனையாளர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அலங்கார வடிவமைப்பாளர் முகப்பை மட்டும் வரைந்து கொடுக்கிறார், தச்சர் அதன்படி செய்கிறார். லிட்டர் என்ற சொல் இருவர் பேச்சிலும் வருவதில்லை. தாள் இல்லாத வூஃபரை வாங்காதீர்கள்.

பூ வேலைப்பாடு, உச்ச சுரங்களை ஒலிக்கும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு முன்னால் வரவே கூடாது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 சென்டிமீட்டர், செதுக்கிய பூவிதழும் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதால், ஒலி அதில் மோதிச் சிதறி, தாளத்தின் கூர்மை மழுங்கிவிடும். அங்கே மெல்லிய ஸ்பீக்கர் துணி போதும். செதுக்கலைப் பக்கப் பலகைகளுக்குக் கொண்டுபோங்கள். கடைசல் கால்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்: உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு, அதாவது 90 முதல் 100 சென்டிமீட்டருக்கு, ட்வீட்டரை அவை தூக்கிப் பிடிக்கும். பித்தளைக் கைப்பிடி வைத்தால் அதன் அடியில் கம்பளித் துணி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் கிணுகிணுக்கும்.

வேலைப்பாடு ஒலிக்கும் உதவலாம் என்பதற்கு, 1957-இல் வந்த ஜே.பி.எல். நிறுவனத்தின் பாரகன் ஸ்பீக்கர் நல்ல உதாரணம். ஏறத்தாழ 2.6 மீட்டர் நீளமுள்ள அந்த மரச்சாமானின் வளைந்த முகப்பில் நடுத்தர ஒலி பட்டு அறையெங்கும் பரவியது. அந்த வளைவை ஒலிக்காகவே கணக்கிட்டு வைத்தார்கள்.

'பழங்காலத்து ஸ்பீக்கர்' என்று ஆயத்தமாக விற்கும் இடைத்தரகர்களிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அப்படி வாங்கிய, ஒரு மேசையை அறுத்துச் செய்த ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். வூஃபரைக் கழற்றியதும் வெட்டிய விளிம்பு நேற்று அறுத்தது போல வெளிறித் தெரிந்தது, திருகாணிகள் பளபளத்தன, ஈரத்துணியால் துடைத்தபோது 'நூற்றாண்டுக் கருமை' துணியோடு வந்துவிட்டது. ஒரு நல்ல மேசையும் போயிற்று, நல்ல ஒலியும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களிடம் இருப்பது அலமாரியாக இல்லாமல் பழைய ரேடியோகிராமாக (ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த மரப்பெட்டி) இருந்தால், ஸ்பீக்கருக்கான துளை ஏற்கெனவே இருக்கும். முதுகும் திறந்தோ துளையிட்டோ இருக்கும். அதில் கசிவைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் எல்லா வூஃபரும் அங்கே ஒத்துப்போகாது. அளவீட்டுத் தாளில், வூஃபரின் அதிர்வு எவ்வளவு கட்டுப்படுகிறது என்பதைக் காட்டும் 'க்யூ.டி.எஸ்.' என்ற எண் 0.7 அல்லது அதற்கு மேல் இருப்பதைத் தேடுங்கள். அப்போதும், பின்புற ஒலி சுற்றிவந்து முன்புற ஒலியை அடித்துவிடுவதால் ஆழ்ந்த பேஸ் குறைவாகவே வரும். சுவரை ஒட்டி வைக்காமல் சற்று முன்னே நகர்த்தி வையுங்கள். உள்ளே வால்வுகள் (பழைய கண்ணாடிக் குழாய்கள்) இருந்தால் நீங்களாகக் கை வைக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். இவ்வளவும் ரேடியோகிராமுக்கு மட்டுமே. உங்கள் அலமாரிக்கு இதில் எதுவும் பொருந்தாது.

புதிய மூடிய பெட்டி வந்ததும், வூஃபரின் கோனை (அதிரும் கூம்பை) நான்கு விரல்களால் மெதுவாக உள்ளே அழுத்திவிட்டு விடுங்கள். நிதானமாக மேலெழுந்தால் அடைப்பு சரியாக இருக்கிறது. சட்டென்று எழுந்தால் எங்கோ, பெரும்பாலும் ஒயர் நுழையும் துளையில், காற்று கசிகிறது. கடைசித் தவணைப் பணத்தை அதைச் சரிசெய்த பிறகு கொடுங்கள்.