ஜிசி இல்லாமலும் தொற்று நடக்கிறதென்றால், அந்தப் புரதம் எதற்கு?

கேள்வி: மாட்டு ஹெர்பெஸ் வைரஸ்-1-இன் மேற்பரப்பிலுள்ள ஜிசி என்ற கிளைக்கோபுரதத்தை (சர்க்கரை இணைந்த புரதத்தை) நீக்கிய பிறகும் மாட்டுச் செல்களில் தொற்று நடக்கிறது. அப்படியானால் தொற்றுக்கு உண்மையில் தேவைப்படும் புரதம் எது?

நீங்கள் கால்நடை மருத்துவ முதுகலையில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பாடப்புத்தகத்தில் ‘இன்றியமையாதவை’, ‘இன்றியமையாதவை அல்ல’ என்று இரண்டு வரிசையாகப் போட்டிருப்பதைப் படித்தபின் எழும் கேள்வி இது. இதே கேள்வியில் நான் ஒரு பருவம் முழுவதையும் இழந்தவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். ஜிசியைப் போலவே வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஜிபி, ஜிடி, ஜிஎச் ஆகிய கிளைக்கோபுரதங்கள் இல்லாவிட்டால் இயல்பான வைரஸ் செல்லுக்குள் நுழைவதில்லை. ஜிசி, ஜிஇ, ஜிஐ, ஜிஜி ஆகியவற்றை நீக்கினாலும் வளர்ப்புச் செல்களில் வைரஸ் பெருகும். ஆனால் ஜிசி நீக்கப்பட்ட வைரஸ் செல்லின் மீது ஒட்டுவதே குறைந்துவிடுகிறது. ஒட்டியவற்றைக் கொண்டுதான் மீதி வேலை நடக்கிறது. ‘நடக்கிறது’ என்பதும் ‘நன்றாக நடக்கிறது’ என்பதும் ஒன்றல்ல.

என் ஆய்வேட்டுக் காலத்தில் எங்களிடம் புரதம் நீக்கிய வைரஸ் எதுவும் இல்லை. இயல்பான வைரஸும், 1957-இல் ஒரு மாட்டின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்ட எம்டிபிகே செல்களும், இரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் இடும் அதே ஹெபாரினும் மட்டுமே இருந்தன. செல்லின் மேற்பரப்பில் ஹெபரான் சல்பேட் என்னும் சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. வைரஸின் ஜிசி முதலில் பற்றிக்கொள்வது அவற்றைத்தான். ஹெபாரின் அவற்றை ஒத்த உருவமைப்புடையது என்பதால், அதைக் கொண்டு கழுவினால் சங்கிலியை மட்டும் பிடித்திருக்கும் வைரஸ் கழன்று போகும். செல்கள் வளர்ந்த தட்டுகளை ஒரு மணி நேரம் பனிக்கட்டியின் மேல் வைத்து வைரஸை ஒட்டவிட்டு (குளிரில் அது ஒட்டும், உள்ளே நுழையாது), ஹெபாரினால் கழுவி, வைரஸ் தட்டெங்கும் பரவாமல் தடுக்கும் கெட்டியான மெத்தில் செல்லுலோஸ் ஊற்றி, சில நாள் கழித்துக் கிரிஸ்டல் வயலட் சாயமேற்றி, செல்கள் அழிந்து வெளுத்துத் தெரியும் வட்டங்களை எண்ண வேண்டும். இதுவே எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை.

பெரும்பாலான தட்டுகளில் வட்டங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் மூன்று தட்டுகளில் ஹெபாரின் எதையும் குறைக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டியபோது, அந்த மூன்றும் கழுவும் முன் அரை மணி நேரம் 37 பாகை இன்குபேட்டரில் இருந்தது தெரிந்தது. பனிக்கட்டி தீர்ந்துவிட்டதால் உதவிக்கு வந்த இளைய மாணவர் அங்கே வைத்திருக்கிறார். என் வழிகாட்டி அதைக் கவனக்குறைவு என்றார், அந்த எண்களை ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது என்றார். நான் வாதாடவில்லை. அவருடைய பார்வையில் நியாயம் இருந்திருக்கலாம். நெறிமுறையை மீறிய தட்டு நெறிமுறையை மீறிய தட்டுதான். எனினும், அந்த நாளில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த மிக நல்ல தகவல் அந்த மூன்று தட்டுகளில்தான் இருந்தது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

ஏனென்றால் ஜிசியின் பிடி தொடக்கம் மட்டுமே, விடுவிக்கக்கூடியது. அதன்பின் ஜிடி செல்லின் நெக்டின்-1 என்ற ஏற்பியைப் பற்றுகிறது. ஜிபிக்கு ஹெபரான் சல்பேட்டையும் பற்றத் தெரியும், அது சாராத வேறொரு பிடியும் உண்டு. இந்தப் பிடிகள் இறுகியபின் ஹெபாரினால் வைரஸைப் பிரிக்க முடியாது. 37 பாகையில் ஜிபியும், ஜிஎல் என்ற இன்னொரு புரதத்துடன் இணைந்த ஜிஎச்சும் சேர்ந்து வைரஸின் உறையைச் செல்லின் சவ்வோடு ஒன்றாக்கிவிடுகின்றன. அதற்குப்பின் கழுவுவதற்கு வெளியே எதுவுமே மிஞ்சியிருக்காது. ஆகவே ‘எந்தப் புரதம்’ என்ற கேள்விக்கு முன்னால் ‘எந்த நிமிடத்தில்’ என்ற கேள்வி நிற்கிறது.

இதை நான் புரிந்துகொள்ளத் தாமதமானதற்குப் பெயர்க் குழப்பமும் காரணம். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த கட்டுரைகளில் இன்றைய ஜிபிக்கு ரோமன் எண் ஒன்று, ஜிசிக்கு மூன்று, ஜிடிக்கு நான்கு என்று பெயர். ரோமன் ஒன்று பார்வைக்கு இன்றைய ஜிஐ போலவே இருக்கும். ஆனால் அது முற்றிலும் வேறு புரதம். ரோமன் நான்கைத் தாமே உற்பத்தி செய்யும் மாட்டுச் செல்கள் இந்த வைரஸையும், மனிதரின் ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸையும், பன்றிகளின் போலி வெறிநோய் வைரஸையும் எதிர்த்து நின்றதாக 1990-இல் ஒரு கட்டுரை வந்தது. அது ஜிடி என்று தெரியாமல் நான் அதைக் கடந்து சென்றிருக்கிறேன். தெரிந்தபிறகே, மூன்று வைரஸ்களும் நுழைய ஒரே வகை வாசலைத் தேடுகின்றன என்பது விளங்கியது.

ஜிடியைக்கூட நான் மிகைப்படுத்துவதாகச் சிலர் கருதலாம். அது நியாயமான ஆட்சேபம்தான். ஜிடி இல்லாத வைரஸை வளர்ப்புச் செல்களில் தொடர்ந்து கடத்தியபோது, ஜிஎச்சில் ஒரு மாற்றம் பெற்று ஜிடி இல்லாமலேயே தொற்றும் வகை உருவானதை 1990களின் பிற்பகுதியில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ‘இன்றியமையாதது’ என்ற சொல் அந்த வைரஸுக்கும் அந்தச் செல்லுக்கும் மட்டுமே பொருந்தும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. எதிர்த்திசையில் ஜிஇயைப் பாருங்கள்: தட்டில் அது இல்லாவிட்டால் வட்டங்களின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாது, அளவு சிறுக்கும், ஏனெனில் அதன் வேலை ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்குக் கடத்துவது. மாட்டின் உடலிலோ, முகத்து நரம்பான முக்கிளை நரம்பின் முடிச்சில் உறங்கும் வைரஸ் மீண்டும் மூக்கை வந்தடைய ஜிஇ தேவை. ஜிஇ நீக்கிய தடுப்பூசியைப் போட்டுவிட்டு, தடுப்பூசி பெற்ற மாட்டையும் உண்மையில் நோய் தொற்றிய மாட்டையும், ஜிஇக்கான எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா சோதனையால் பிரித்தறிந்துதான் ஐரோப்பாவில் பல நாடுகள் இந்த வைரஸ் உண்டாக்கும் ஐபிஆர் என்ற சுவாச நோயை ஒழிக்க முனைந்தன. தட்டில் ‘தேவையற்றது’ என்று ஒதுக்கிய புரதம் இது.

உங்களிடமும் புரதம் நீக்கிய வைரஸ் இல்லையென்றால், ஹெபாரின் கழுவலை ஒரே முறை செய்யாதீர்கள். பனிக்கட்டியிலிருந்து எடுத்த தட்டுகளை 37 பாகைக்கு மாற்றி 0, 5, 10, 20, 30 நிமிடங்களில் தனித்தனியாகக் கழுவுங்கள். அதே நேரங்களில் இன்னொரு வரிசையைப் பிஎச் 3 அளவுள்ள, அமிலத்தன்மை மிகுந்த சிட்ரேட் கரைசலால் கழுவினால், ஒட்டியும் உள்ளே போகாமல் நிற்கும் வைரஸ் செயலிழக்கும். இரண்டு வரிசைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் உறுதியாகப் பற்றியும் இன்னும் நுழையாத வைரஸ். வட்டங்களை எண்ணும்போது அவற்றின் விட்டத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; நான் அளக்கவில்லை, சாயமேற்றிய அந்தத் தட்டுகளும் இப்போது இல்லை.