பேச முடியாதவரின் மூளையைக் கணினியோடு இணைத்தால், நினைப்பதையெல்லாம் அது படித்துவிடுமா?

இல்லை. கணினி பெரும்பாலும் பிடிப்பது ஓடும் எண்ணங்களை அல்ல, பேசவோ எழுதவோ எடுக்கும் முயற்சியை. நோயால் நாக்கும் கையும் அசையாமல் போனாலும், அவற்றுக்கு ஆணையிடும் மூளைப் பகுதி பலருக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அங்கே நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பிடிக்கும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய மின்முனைத் தகடுகளைப் பதிக்கிறார்கள்.

2021-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், கைகால் செயலிழந்த ஒருவர் பேனா பிடித்து எழுதுவதுபோல் மனதில் முயன்றார். ஒவ்வொரு எழுத்துக்கும் நரம்பணுக்கள் துடிக்கும் விதம் வேறு. அதை வைத்தே நிமிடத்துக்கு 90 எழுத்துகள் திரையில் வந்தன! எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் விஷயம் இது.

அப்புறம் 2023-இல் வெளியான இன்னோர் ஆய்வில், பேச முயன்ற வேறொருவரிடமிருந்து நிமிடத்துக்கு 62 சொற்கள். ஆனால் கணினி பெரிய சொற்தொகுதியிலிருந்து சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒரு சொல் தப்பாக வந்தது. தகடு பதிக்க மண்டையோட்டைத் திறக்கவும் வேண்டும்.