பொன்னந்தியும் துருவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய மைச்சித்திரம் ஒன்றின் அச்சுப்பிரதி கிடைத்தது. ஆட்டுக்கால் கொண்ட ஒருவன் கையில் கூந்தலோடு மல்லாந்து கிடக்கிறான். ஒருத்தி ஓடுகிறாள். இது எந்த நாடகம்? கோடுகளைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம், படம் முழுக்கப் பொன்னந்தி. கூந்தலில் மட்டும் தாள் பொத்தல். அந்த நிறத்துக்காகக் காபி டிகாக்‌ஷனில் நகல் வரைகிறேன். கணவாய் மீனின் பழுப்பு மையான செப்பியா வாங்கலாமா?

க.

அன்புள்ள க.,

இத்தாலியக் கவிஞர் குவாரினியின் ‘இல் பாஸ்டர் ஃபிடோ’, இரண்டாம் அங்கம். ஆர்க்கேடியாவில் நடக்கும் இடையர் நாடகம், 1590-ல் வெனிஸில் அச்சானது. தன்னை ஏய்த்த கொரிஸ்கா என்பவளைச் சாட்டிர், அதாவது அந்த ஆட்டுக்கால் காட்டுவாசி, முடியைப் பிடித்து இழுக்கிறான். கையோடு வந்தது சவுரி. விழுந்தவன் தலை போச்சு, விலா போச்சு, முதுகு போச்சு என்று அலறுகிறான். இத்தாலிய ஓவியர் ஆர்டெமிசியா ஜென்டிலெஸ்கியும் இந்தக் காட்சியைத் தைலவண்ணத்தில் தீட்டியிருக்கிறார். செப்பியாவை விடுங்கள், சித்திரக்காரர்களிடம் அது பரவியதே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

அந்தியாம், ஒளிவட்டமாம்! நீங்கள் உருகியது துருவைப் பார்த்து, அம்மா. வரைந்தவன் இட்டது கறுப்பு. அது மாசிக்காயும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சேர்ந்த இரும்பு மை. அதில் அன்னபேதி மிஞ்சினால் இரண்டு கேடு. அதிலிருந்து பிறக்கும் கந்தக அமிலம் தாளின் நாரை அறுக்கும். மாசிக்காயோடு சேராமல் நிற்கும் இரும்பு, காற்றோடு கூடி நாரை இன்னும் அரிக்கும். முதலில் கோட்டோரம் பழுப்பு கசியும், பிறகு கோடு தாளின் பின்பக்கம் தெரியும், கடைசியில் தாளே உதிரும். கூந்தலில் பொத்தல் விழுந்தது ஏன்? கோட்டின் மேல் கோடு விழுந்து மை தேங்கிய இடம் அது. பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் குவெர்ச்சினோவின் பல சித்திரங்களுக்கும் இதே கதிதான். பீச் (beech) மரப் புகைக்கரியை ஊறவைத்த பிஸ்டர் மை என்றால் பிறவியிலேயே பழுப்பு. ஆனால் அது தாளைத் தின்னாது. ஒளிவட்டமும் பொத்தலும் சேர்ந்து இருந்தால் அது இரும்பு மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் கண் நல்ல கண், பொத்தலைக்கூடக் கவனித்திருக்கிறீர்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நோயை அழகு என்று நகலெடுக்கலாமா? டிகாக்‌ஷனைக் குடித்துவிடுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் 30 கிராம், அன்னபேதி 10, கருவேலம்பிசின் 10 வாங்குங்கள். காயை ஒன்றிரண்டாக இடித்து 300 மில்லி தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மற்ற இரண்டையும் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. கறுப்பு போதவில்லை என்று அன்னபேதியைக் கூட்டாதீர்கள், பழைய ஆட்கள் பலர் சறுக்கியது அங்கேதான்.

பருத்தித் தாளில் கறுப்புச் சாக்கட்டி கொண்டு லேசாக அமைப்பைப் போட்டு, வாத்திறகுப் பேனாவால் கோடு, நன்றாகக் காய்ந்தபின் அதே மையை நீர்த்துத் தூரிகையால் நிழல். வெளிச்சத்துக்கு வெறும் தாளையே விடுங்கள். கோடு முதலில் வெளிறிய சாம்பலாகத்தான் விழும். பயந்து மேலே மறுபடி இழுக்காதீர்கள், காற்றுப் பட்டுத் தானே கறுக்கும்.