ஐப்பசி மஞ்சள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அய்யாவுக்கு,

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் எனக்கு ஊர். தனியார் பள்ளி ஒன்றில் டீச்சராக இருக்கிறேன். சில வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி என்று நம் பக்கத்து ஆட்கள் இருநூறு பேர் வரை இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் கதைகளைப் போடுவேன்.

தீபாவளி சமயத்தில் ஒரு கதை போட்டேன். பண்டிகைச் செலவுக்காக ஐப்பசியில் மஞ்சள் வெட்டி ஈரோட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிற ஒரு அப்பாவின் கதை. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் ‘அருமை’, ‘மிகச் சிறப்பு தோழி’, ‘கண் கலங்கிவிட்டது’ என்று நாற்பது பேருக்கு மேல் போட்டார்கள். பூங்கொத்து, கைதட்டல் எல்லாம் வந்தன. ராத்திரி ஒரு பெரியவர் எழுதினார். விவசாயி, குழுவில் அதிகம் பேசாதவர். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“அம்மணி, அந்த ஒடிச்ச வெரலி மஞ்சளப் பொறுக்கி அப்பன் சட்டச் சோப்புல போடறாரு பாருங்க, அது எங்கப்பன் செஞ்சதுங்க. படிக்கப் படிக்க அவரையே பாத்த மாதிரி இருந்துச்சு. ஆனா ஐப்பசில யாருங்க மஞ்ச வெட்றாங்க? தை பொறக்கோணும். அப்பறம் அந்தக் கடைசிப் பத்தி வேண்டியதில்லீங்க. அதுக்கு முன்னாலயே எல்லாம் புரிஞ்சு போச்சு.”

அவ்வளவுதான். ‘குறை கண்டுபிடிக்கன்னே சிலர் வர்றாங்க’, ‘முதல்ல நீங்க ஒரு கதை எழுதிக் காட்டுங்க’, ‘வளர்ற எழுத்தாளரை நசுக்காதீங்க’ என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ‘மன்னிச்சுக்கோங்க அம்மணி’ என்று போட்டுவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். நான் வாயே திறக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கும் கோபம்தான் வந்தது. சமையல், பிள்ளைகள், நோட்டுத் திருத்துவது எல்லாம் முடித்துப் பதினொரு மணிக்கு மேல்தான் எழுத உட்காருகிறேன். வீட்டில் யாரும் என் கதையைப் படிப்பதில்லை. அந்த ‘அருமை’தான் எனக்குத் தெம்பு. ஆனால் அன்றைக்குப் பிறகு யார் ‘அருமை’ என்றாலும் மனதில் ஒட்டவில்லை. அவர் தனியாகச் சொல்லியிருக்கலாம் இல்லையா? புதிதாக எழுதுகிறவர்களிடம் இவ்வளவு கறாராக இருக்கத்தான் வேண்டுமா?

பெயர் வேண்டாமுங்க.

கோபியிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மணிக்கு,

கதையைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். கதையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் பாதிக்கு மேல் அதற்குள்ளேயே இருக்கிறது.

வியாபாரி ஒரு விரலியை எடுத்து ஒடிக்கிறார். உள்நிறத்தைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டையும் கீழே போட்டுவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுகிறார். அப்பா குனிந்து அந்த இரண்டு துண்டையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். நீங்கள் இதை மூன்றே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் மனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. விளைந்த பொருள் மேல் இருக்கிற மரியாதை, பட்ட அவமானம், ஒரு துண்டைக்கூட வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த பழக்கம் எல்லாமே அந்தக் குனிதலில் வந்துவிட்டது. இதை எழுதத் தெரிந்தவருக்குக் கதை எழுத வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது உங்கள் குழுவில் வந்ததையெல்லாம் திரும்ப எடுத்துப் பாருங்கள். அந்த வரிகளைப் பற்றிப் பேசியவர் யார்? அந்தப் பெரியவர் ஒருவர் மட்டும்தான். நீங்கள் எழுதியதிலேயே மிக நல்ல இடத்தைக் கண்டுபிடித்தவரும், தப்பான இடத்தைக் காட்டியவரும் ஒரே ஆள். நல்லதைத்தான் அவர் முதலில் சொன்னார். அதற்குப் பிறகுதான் ‘ஆனா’ என்றார். சண்டைக்கு வந்தவர்கள் அந்த முதல் வரிகளைப் பார்த்ததாகவே தெரியவில்லை. நீங்களும் கோபத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

‘அருமை’ என்பதை எந்தக் கதைக்குக் கீழேயும் போடலாம். கவிதைக்கும் போடலாம், பேரன் பிறந்த செய்திக்கும் போடலாம். ‘ஒடிச்ச வெரலி’ என்று ஆரம்பிக்கிற குறிப்பை உங்கள் கதைக்குக் கீழே மட்டும்தான் போட முடியும். படித்ததற்கு அடையாளம் அதுதான். என் கவலை இங்கேதான் இருக்கிறது. வெறும் பாராட்டால் எழுதுகிறவர்கள் கெட்டுப்போவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே வாசிப்பு கெட்டுப்போகிறது. இருநூறு பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் கதையை ஒருவர் படிக்காமலேயே வருடக்கணக்கில் ஓட்ட முடிகிறது. நீ எனக்கு எழுதினாய், நான் உனக்கு எழுதுகிறேன் என்று கல்யாண மொய் நோட்டைப் போலக் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. மொய்யில் தப்பில்லை, ஒரு குடும்பத்தின் செலவை ஊரே சேர்ந்து தாங்கும் ஏற்பாடு அது. கதைக்கு அந்த ஏற்பாடு உதவாது. கதைக்குத் தேவை, உட்கார்ந்து கடைசி வரை படிக்கிற ஒரு ஆள்.

மஞ்சளுக்கு வருகிறேன். வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டு. எட்டு ஒன்பது மாதப் பயிர். தழை பழுத்துக் காய்ந்து சாய வேண்டும். கிழங்கு தோண்டி, வேகவைத்து, களத்தில் பத்துப் பதினைந்து நாள் காயப்போட்டு, பாலீஷ் போட்ட பிறகுதான் மூட்டை மார்க்கெட்டுக்குப் போகும். ஐப்பசியில் காடு பச்சையாக நிற்கும். கோபியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீபாவளி வேண்டும் என்று கதையை ஐப்பசிக்குக் கொண்டுவந்தீர்கள், மஞ்சளும் கூடவே வந்துவிட்டது.

உங்கள் ஊரிலிருந்து பெருந்துறைப் பக்கம் போனால் சீனாபுரம். நன்னூல் என்ற இலக்கண நூலை எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் என்று சொல்கிறார்கள். நூலுக்குப் பத்து அழகு சொன்னவர், அதில் ஒன்றாக ‘உலகம் மலையாமை’ என்று வைத்தார். உலக நடப்புக்கு முரணாக எழுதக் கூடாது. பத்துக் குற்றத்தில் ‘மிகைபடக் கூறல்’ ஒன்று. அந்தப் பெரியவர் நன்னூல் படித்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன இரண்டும் இந்த இரண்டும்தான். ஐப்பசி வெட்டு உலகத்தோடு மலைகிறது. கடைசிப் பத்தியில் ‘உழவனின் கண்ணீருக்கு இந்த உலகில் விலை ஏது?’ என்று நீங்களே வந்து பேசுவது மிகை. சட்டைப் பைக்குள் போன துண்டு அதைச் சொல்லிவிட்டது.

நன்னூலில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நூலுக்குப் பாயிரம், அதாவது முன்னுரை, யார் சொல்லலாம் என்று பவணந்தியார் வரையறுக்கிறார்: நூல் எழுதியவனின் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணாக்கன், தகுந்த உரைகாரன். நூலைப் பற்றி ஊரறியப் பேசுவதற்கு இந்த நால்வரைத்தான் அனுமதிக்கிறார். நான்கு பேருமே நூலோடோ அதை எழுதியவனோடோ உட்கார்ந்து பாடுபட்டவர்கள். பாராட்டவும் ஒரு தகுதி வேண்டும், அந்தத் தகுதி படிப்பதால்தான் வருகிறது என்று நம் மண்ணில் ஒருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே எழுதிவைத்திருக்கிறார்.

மஞ்சள் விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள், இன்னும் சொல்ல இருக்கிறது. ஐப்பசியில் மஞ்சள் வெட்ட முடியாது. ஆனால் விற்க முடியும். மாசி, பங்குனியில் விலை படியவில்லை என்று மூட்டையை இருப்பு வைத்துக் காத்திருக்கிறவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். உங்கள் அப்பாவும் அப்படிக் காத்திருந்தவர் என்று வையுங்கள். சித்திரையில் ஏறும், ஆடியில் ஏறும் என்று பார்த்துப் பார்த்து, ஏறாமலே தீபாவளி வந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும், வேறு வழியில்லாமல் மூட்டையை வண்டியில் ஏற்றுகிறார். இப்போது அந்த வியாபாரி விரலியை ஒடித்துப் போட்டுவிட்டுப் போகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். எட்டு மாதக் காத்திருப்பு கீழே கிடக்கிறது. பிழை என்று சுட்டிய இடத்திலேயே கதைக்கு இன்னொரு ஆழம் ஒளிந்திருந்தது. நாற்பது ‘அருமை’யும் உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு ‘யாருங்க வெட்றாங்க?’ கொண்டுபோகிறது.

தெம்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் யாரும் படிக்காமல், பதினொரு மணிக்கு மேல் தூக்கத்தை விட்டுக்கொடுத்து எழுதுகிற ஒருவருக்கு ‘நான் இருக்கிறேன், எழுது’ என்று ஒரு குரல் வேண்டும். பெண்களுக்கு இன்னும் அதிகமாக வேண்டும். அந்தக் குழு உங்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறது. அந்த நண்பர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, உங்களுக்கும் வேண்டாம். ஆனால் கூட இருப்பது வேறு, கதையைப் பற்றிக் கருத்துச் சொல்வது வேறு. படிக்க நேரமில்லை என்றால் ‘போட்டுவிட்டீர்களா, சந்தோஷம், ஞாயிற்றுக்கிழமை படிக்கிறேன்’ என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை, தெம்பும் குறையாது. படிக்காமல் ‘கண் கலங்கியது’ என்று எழுதும்போதுதான், நிஜமாகவே கண் கலங்கியவரின் சொல்லும் மதிப்பிழக்கிறது. யார் சொன்னாலும் மனதில் ஒட்டவில்லை என்றீர்களே, காரணம் அதுதான்.

மறுக்கத் தெரிந்த வாயிலிருந்து வந்தால்தான் பாராட்டு நிற்கும். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரம் 1942இல் ‘நாகம்மாள்’ எழுதினார், நம் கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தார். விமர்சகர் க.நா.சு. அதை உயர்த்திச் சொன்னது இன்றுவரை பேசப்படுகிறது என்றால், அவர் எத்தனையோ பிரபலமான எழுத்துகளைத் தயங்காமல் ஒதுக்கியவர் என்பதால்தான். க.நா.சு. தன் ரசனையை நம்பி, இது நல்லது என்று சொல்லிவிட்டுப் போகிறவர். இன்னொரு விமர்சகரான சி.சு. செல்லப்பாவுக்கு அது போதவில்லை. வரிவரியாக அலசிக் காட்ட வேண்டும் என்றார். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை கைப்பணத்தைச் செலவழித்து நடத்தினார். இருவருக்கும் நடந்த வாதம் பெரிது, இங்கே அது வேண்டாம். செல்லப்பா பக்கம்தான் நான் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். உங்கள் பெரியவரும் செல்லப்பா பக்கம்தான். எந்த இடம், என்ன காரணம் என்று இரண்டையும் சொன்னார்.

படிப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதற்கு விமர்சகர் கோவை ஞானியை நினைத்துக்கொள்வேன். சோமனூர்க்காரர், உங்களைப் போலவே பள்ளி ஆசிரியர். சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகும், 2020இல் மறைகிற வரை, பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், தான் சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்தார். விமர்சனத்தை விடவே இல்லை. மார்க்சியராக இருந்துகொண்டே மார்க்சியர்களின் இலக்கியப் பார்வையைக் கேள்வி கேட்டவர். ஒரு நாவலைக் காதால் கேட்டு, நினைவில் வைத்து, அதைப் பற்றி எழுதுவதற்கு எத்தனை நாள் பிடிக்கும்! இரண்டு கண்ணும் கையில் போனும் இருக்கிற நாம், நண்பரின் நாலு பக்கக் கதையை முழுசாகப் படிக்காமல் கைதட்டல் படத்தை அழுத்துவது எனக்குத் தாங்கவில்லை.

தனியாகச் சொல்லியிருக்கலாமா என்றால், சொல்லியிருக்கலாம். முதல் கதை எழுதுகிறவரிடம் நான் தனியாகத்தான் சொல்வேன். நீங்கள் முதல் கதைக்காரர் இல்லை. கதையை எல்லோர் முன்னாலும் வைத்தீர்கள், பாராட்டையும் எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொண்டீர்கள். அவர் கதையைப் பற்றி மட்டுமே பேசினார், உங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதை அங்கேயே சொன்னதில் தவறில்லை. மற்றவர்களுக்கும் அது பாடம். ‘இதெல்லாம் ஒரு கதையா’ என்று கேட்கிறவர்களை நீங்கள் தாராளமாகத் தள்ளிவிடலாம். அவர்களும் படித்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் பேசாமல் இருந்ததுதான் எனக்கு வலிக்கிறது. ‘அவர் சொல்வது சரிதான், யோசிக்கிறேன்’ என்று ஒரு வரி போட்டிருந்தால் அவர் போயிருக்க மாட்டார். அதைச் சொல்ல உங்கள் ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது.

அவர் நம்பர் உங்களிடம் இருக்கும். கூப்பிட்டுப் பேசுங்கள். கதையைத் திருத்தப்போவதாகச் சொல்லி அவரிடமே கேளுங்கள்: இருப்பு வைக்கிற மஞ்சளை அவர் வீட்டில் எங்கே அடுக்குவார்கள், குடோனில் வைத்தால் வாடகை எப்படி, வண்டு விழாமல் என்ன செய்வார்கள், ஏலத்துக்குப் போகிற அன்றைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், விலை படியாவிட்டால் மூட்டையைத் திருப்பி ஏற்றி வருவார்களா, அங்கேயே விட்டுவிட்டு வருவார்களா. அவர் அப்பா அந்தத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்தார் என்றும் கேளுங்கள். எழுதி முடித்ததும் முதலில் அவருக்கு அனுப்புங்கள், பிறகு எனக்கு.