குழாயடியில் என்ன பார்ப்பது? கேள்வி பதில்

வெளிநாட்டு முகாம்களில் தண்ணீர் நிலையங்களைச் சோதிக்கப் போகிறவர்கள் கேளுங்கள். குழாயும் குளோரினும் என் பகுதி. விசா, சம்பளம் எல்லாம் எனக்குத் தெரியாது.

கவிதா: முதல் நாள் போனதும் எதைப் பார்ப்பது?
கருவியை எடுக்காமல் கால் மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். வரிசை நகர்கிறதா, சிந்திய தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேடு, ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர், குழாய்க்கு 250 பேர் என்கிறது. நிமிடத்துக்கு 7.5 லிட்டர் கொட்டும் குழாய்க்குத்தான் அந்த 250. நூலாக ஒழுகுவதையும் சேர்த்துக்கொண்டு ‘போதுமானது’ என்று எழுதிய அறிக்கைகளை நிறையப் பார்த்துவிட்டேன். வாளியை வைத்து நேரம் பாருங்கள்.

ரஹீம்: குளோரினைச் சோதிக்கும் டிபிடி (DPD) மாத்திரையைத் தண்ணீரில் போட்டதும் இளஞ்சிவப்பு வந்து சட்டென்று மறைந்தது. குளோரின் இல்லையா?
அளவுக்கு மீறி இருக்கலாம். மிஞ்சினால் நிறத்தையே வெளுத்துவிடும். குளோரின் இல்லாத நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள், வரும் அளவைக் கலந்த மடங்கால் பெருக்குங்கள். அப்புறம், மாத்திரையை விரலால் தொடாதீர்கள். உறையிலிருந்து நேராகக் குழலுக்குள்.

செல்வம்: குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். வேலை முடிந்ததுதானே?
வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரை அளந்தீர்களா?

செல்வம்: வீட்டுக்குள் போவது நம் வேலையா? அது சுகாதாரப் பிரிவின் பாடு.
குடிப்பது அந்தத் தண்ணீரைத்தானே ஐயா! ஒரு முகாமில் எனக்கும் குழாயில் இதே 0.5. மறுநாள் காலை கேனில் பூஜ்யம். கேனின் வாய்க்குள் விரலை விட்டேன், உள்ளே பாசி வழவழவென்று. கை நுழையாத கேனை யார், எப்படிக் கழுவுவது? குளோரினை அந்தப் பாசியே தின்றிருந்தது. கொஞ்சம் மணலும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கி அலசிய பிறகுதான் மறுநாள் 0.2 நின்றது.

செல்வம்: மருந்தைக் கூட்டினால் போகிறது!
கூட்டுங்கள். வாடை பிடிக்காமல் ஜனங்கள் குட்டைக்குப் போவார்கள்.

செல்வம்: எங்கள் படிவத்தில் வீட்டுத் தண்ணீருக்குக் கட்டமே இல்லையே.
ஓரத்தில் எழுதுங்கள்.

பீட்டர்: வங்கதேசம் போகிறேன். நிலத்தடி நீரில் வரும் ஆர்சனிக் நச்சுக்கும் குளோரின் போதுமா?
போதாது. அதற்குத் தனிச் சோதனை. அங்கே சிவப்பு பூசிய அடிபம்பு என்றால் ஆர்சனிக் மிகை, பச்சை என்றால் வரம்புக்குள். ஆனால் அந்நாட்டு வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10. பெயின்ட் பழையது என்றால் நம்பாமல் மறுபடி சோதியுங்கள்.

தேவி: மாத்திரையைக் கையால் உடைத்துப் போடலாமா?
ரஹீமுக்குச் சொன்னதைப் படியுங்கள். தொடாதீர்கள்.

மாலா: கலங்கல் தண்ணீருக்கு எவ்வளவு ப்ளீச்சிங் பவுடர்?
முதலில் தெளிய வையுங்கள். பவுடர் பிறகு.

குமார்: சம்பளம் எவ்வளவு வரும்?
முதல் பத்தி.

செல்வம்: பக்கத்தில் ஐந்து வீட்டில் அளந்து வந்தேன். மூன்றில் நிறமே இல்லை.
வந்து மறைந்ததா, வரவே இல்லையா? வரவே இல்லை என்றால் அந்த மூன்று கேனையும் திறந்து விரலை விட்டுப் பாருங்கள்.