ஷேக்ஸ்பியரின் உயில் – கடிதம்

வணக்கம் ஐயா,

சமீபத்தில் ஒரு யூடியூப் காணொளி பார்த்தேன். ஷேக்ஸ்பியரின் உயிலில் ஒரு புத்தகமோ கையெழுத்துப் பிரதியோ கிடையாதாம். மனைவிக்கு எழுதிவைத்தது 'இரண்டாவது நல்ல கட்டில்' மட்டும்தானாம். கையுறை தைப்பவரின் மகன், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர், அவரா இவ்வளவும் எழுதினார், ஆக்ஸ்ஃபோர்டு பிரபுதான் எழுதியிருக்க வேண்டும் என்கிறார்கள். கல்லூரியில் 'ஹாம்லெட்' படித்தவள் என்பதால் கேட்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

உயில் விஷயம் உண்மைதான். 1616 மார்ச்சில் கையெழுத்துப் போட்ட மூன்று பக்க உயில் அது. அடுத்த மாதமே ஆள் போய்விட்டார். வீடு, நிலம், வெள்ளிக் கிண்ணம், வாள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்கிறார். புத்தகம் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் வீட்டுச் சாமான் பட்டியல் தனியாகப் போடுவார்கள்; அவருடையது இன்று கிடைப்பதில்லை. மிச்சமெல்லாம் மூத்த மகள் சுசன்னாவுக்கும் மருமகனுக்கும் என்று எழுதியிருக்கிறார். புத்தகம் இருந்திருந்தால் அதில் அடக்கம். நம் வீட்டுப் பத்திரங்களில் மட்டும் தாத்தாவின் புத்தக அலமாரி வருகிறதா என்ன?

கட்டிலைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் ஓயாத சண்டை. நல்ல கட்டில் விருந்தாளிக்கு, தம்பதி படுத்தது இரண்டாவதில் என்பது ஒரு கட்சி. அது புருஷன் பெண்டாட்டி சமாசாரம், விட்டுவிடுவோம்.

எனக்குப் பிடித்தது அதே உயிலில் வரிகளுக்கு நடுவே செருகி எழுதிய இன்னொரு வரி. ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டல் என்ற மூன்று சக நடிகர்களுக்கு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ். இருபது வருஷம் கூடவே இருந்த நாடகக் கம்பெனிக்காரர்கள். ஹாம்லெட்டாக நடித்த பர்பேஜ் 1619இல் இறந்துபோனார். மற்ற இருவரும் 1623இல் தங்கள் நண்பரின் 36 நாடகங்களை ஒரே பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அதில் 18 நாடகங்கள் அதுவரை அச்சேறாதவை. 'மேக்பெத்', 'ஜூலியஸ் சீசர்', 'டெம்பெஸ்ட்' எல்லாம் அந்தப் பதினெட்டில் சேர்ந்தவை. அந்த இரண்டு பேர் மெனக்கெட்டிருக்காவிட்டால் இவற்றை நாம் படித்திருப்போமா என்பதே சந்தேகம். மோதிரக் காசு வீண்போகவில்லை.

சரி, பிரபுவுக்கு வருவோம். அவர் 1604இல் இறந்துவிட்டார். 'டெம்பெஸ்ட்' நாடகத்திலோ 1609இல் பெர்முடா அருகே ஒரு கப்பல் புயலில் சிக்கிக் கரைதட்டிய செய்தியின் சாயல் இருக்கிறது. படிப்பு இல்லை என்ற வாதம் இன்னும் மோசம். அதே காலத்து நாடகாசிரியர் பென் ஜான்சனும் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. கொத்தனாரின் வளர்ப்பு மகன், தானும் கொஞ்ச நாள் செங்கல் அடுக்கியவர். அவர் எழுதியதை வேறு பிரபு எழுதினார் என்று யாரும் கிளம்பவில்லை. இந்த ஜான்சன் ஷேக்ஸ்பியரை நேரில் அறிந்தவர். எழுதியதில் ஒரு வரியைக்கூட ஷேக்ஸ்பியர் அடித்ததில்லை என்று நடிகர்கள் பெருமையாகச் சொல்ல, ஆயிரம் வரியை அடித்திருக்கலாம் என்று ஜான்சன் முணுமுணுத்தார். கூடப் பழகிய சக எழுத்தாளனுக்குத்தான் இந்த எரிச்சல் வரும்.

ஆனால் எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய சாட்சி ஓர் அச்சுப்பிழை மாதிரியான சங்கதி. 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகம் 1600இல் அச்சானபோது, நான்காம் அங்கத்தின் விசாரணைக் காட்சியில் டாக்பெர்ரி என்ற அசட்டுக் காவலனின் பெயர் வரவேண்டிய பல இடங்களில் 'கெம்ப்' என்று இருக்கிறது. வில் கெம்ப் கம்பெனியின் கோமாளி நடிகர். துணைக்கு வரும் வெர்ஜஸின் இடத்தில் 'கவ்லி', அவரும் நடிகர்தான். நாடகாசிரியரின் கையெழுத்துப் படியைப் பார்த்தே அச்சுக்கோத்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. எழுதும்போதே கெம்பின் முகமும் குரலும் கண்முன் நிற்க, பாத்திரத்தின் பெயர் மறந்தே போயிருக்கிறது. மாளிகையில் இருந்துகொண்டு ரகசியமாக எழுதி அனுப்பும் பிரபுவுக்கு அப்படிக் கை தவறுமா?

அந்தக் காட்சியை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒருவன் டாக்பெர்ரியைக் கழுதை என்று திட்டிவிடுவான். அதைக் குறித்துக்கொள்ள வேண்டிய எழுத்தர் எழுந்து போய்விட்டிருப்பார். நான் கழுதை என்பதை யாரும் எழுதிவைக்கவில்லையே என்று இவர் அங்கலாய்ப்பார்.