ஏட்டில் காய்த்த சுரைக்காய்

கேள்வி: வறுமை, வேலை, செலவு என்று ஆண்டுதோறும் ஆய்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்தச் சமூக அறிவியல் ஆய்வெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே? அரசு எடுத்த ஒரு முடிவையாவது அவை மாற்றியதுண்டா?
– வாசகர் ஒருவர், தருமபுரி.

பதில்: பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் ஒரு பழமொழியை அவிழ்த்துவிட்டு, வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களை விட்டு என்றைக்குப் போகுமோ! போகட்டும், சுரைக்காயை இழுத்துவிட்டீர்கள். அதையே பிடித்துக்கொண்டு வருகிறேன்.

ஏட்டில் உண்மையிலேயே சுரைக்காய் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, என்.எஸ்.எஸ். என்றால் பலருக்கும் தெரியும், புள்ளியியல் மேதை பி.சி. மகலனோபிஸ் 1950-ல் தொடங்கி வைத்தது. அதில் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு என்று ஒன்று. அந்தப் படிவத்தின் காய்கறிப் பகுதியில் உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய் என்று இறங்கிக்கொண்டே வந்தால் சுரைக்காய்க்கும் இடம் உண்டு. 2011-12 படிவத்தில் பூசணிக்காயோடு சேர்த்து இரண்டுக்கும் ஒரே வரி. (பூசணிக்காயை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறது.)

அந்த வரிக்கு நேரே எத்தனை கிலோ, எத்தனை ரூபாய் என்று எழுத வேண்டும். கேட்க எளிது. கடையில் வாங்கிய காய்க்குக் கொடுத்த விலையை எழுதலாம். கூரைமேல் படர்ந்த கொடியில் காய்த்தது என்றால்? அதற்குக் கடை விலை போடக்கூடாது. தோட்டத்திலேயே விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலைதான். பக்கத்து வீட்டு அம்மா சும்மா கொடுத்ததா? உள்ளூர்ச் சில்லறை விலை. ஆக ஒரே காய்க்கு மூன்று வழி, மூன்று மதிப்பு. அந்தக் கொடியுள்ள வீட்டில் கணக்கெடுப்பாளர் அவசரத்தில் கடை விலையைப் போட்டுவிட்டால், அந்தக் குடும்பம் காகிதத்தில் கொஞ்சம் பணக்காரக் குடும்பமாகிவிடும்.

சமைத்த பிறகும் வம்பு தீராது. வேலையாளுக்குப் போட்ட சோறும் விருந்தாளிக்குப் போட்ட சோறும் சமைத்த வீட்டின் செலவாகவே எழுதப்படும். சாப்பிட்டவர் வீட்டுக் கணக்கில் வராது. அதனால் வசதியான வீட்டில் ஆளுக்கு இத்தனை கலோரி என்று வகுத்தால் ஊதிப்போய் நிற்கும். அங்கே வேலைக்குப் போகிறவர் வீட்டில் வற்றிப்போய் நிற்கும்.

இன்னொன்று, உங்கள் பழமொழியிலேயே இருக்கிறது. ‘கறிக்கு உதவாது’ என்கிற கறி, காய்கறி. இன்றைக்குச் சென்னையில் நின்று “கறி எங்கே கிடைக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டுக்கறிக் கடைக்குத்தான் கை நீளும். யாழ்ப்பாணத்தில் கத்தரிக்காயும் கறிதான், கணவாய் மீனும் கறிதான். அச்சடித்த கேள்வியைக் கணக்கெடுப்பாளர் வாசற்படியில் நின்று தன் வாய்மொழியில் கேட்கிறாரே, அந்த ஒரு நொடியில் புள்ளிவிவரம் எந்தப் பக்கமும் சாயும். ‘ஆய்வு கூறுகிறது’ என்று தலைப்புப் போடும் சகபத்திரிகைகள், என்ன கேட்டார்கள், எத்தனை வீட்டில் கேட்டார்கள் என்ற இரண்டு வரியை மட்டும் வெட்டிவிடுகின்றன. இடமில்லையாம். அரைப்பக்க ராசிபலனுக்கு இடம் இருக்கிறது.

சரி, பெரிய சண்டைக்கு வருவோம். ‘கடந்த 30 நாளில் எவ்வளவு சுரைக்காய் வாங்கினீர்கள்?’ என்று கேட்பதா, ‘கடந்த 7 நாளில்’ என்று கேட்பதா? இதில் என்ன சண்டை என்பீர்கள். அரிசியை மாதம் ஒரு தடவை மூட்டையாக வாங்குகிற வீட்டில் 30 நாள் கணக்கு நன்றாகவே நினைவிருக்கும். காய்கறி அப்படியில்லை, இன்று கால் கிலோ, நாளை இரண்டு காய், சந்தை நாளில் ஒரு பை. மாதம் முழுவதையும் கூட்டிச் சொல்லச் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதிலும் சமைக்கிறவர் உள்ளே இருக்க, திண்ணையில் இருக்கும் வீட்டுக்காரர் பதில் சொன்னால் கேட்கவே வேண்டாம். 7 நாளுக்கு வேறு சிக்கல்: போன வாரத்துக்கு முந்தின வாரம் வாங்கியதும் ‘இப்போதானே’ என்று உள்ளே நுழைந்துவிடும். மகலனோபிஸ் காலத்திலேயே வங்கத்துக் கிராமங்களில் நிறுத்துப் பார்த்து 30 நாளே மேல் என்று முடிவு கட்டி, நெடுங்காலம் அப்படியே ஓட்டினார்கள்.

1994 முதல் 1998 வரை ஒரு சோதனை நடந்தது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் பழைய 30 நாள் படிவம், மறுபாதியிடம் உணவுக்கு 7 நாள், துணிமணி போன்றவற்றுக்கு 365 நாள் கேட்கும் புதுப் படிவம். அதே நாடு, அதே ஆண்டு, அதே வறுமைக்கோடு, அதாவது இவ்வளவுக்குக் கீழே செலவழித்தால் ஏழை என்ற வரம்பு. புதுப் படிவத்தின்படி ஏழைகள் ஏறக்குறையப் பாதி! ஒரு ரூபாய் ஒதுக்கீடு இல்லாமல், ஒரு திட்டம் இல்லாமல், ஒரு அடிக்கல் நாட்டு விழாகூட இல்லாமல் கோடிக்கணக்கானவர்கள் கோட்டைத் தாண்டினார்கள். (துணிக்கு 365 நாள் கேட்பதிலும் விஷயம் உண்டு. 30 நாள் என்றால் ஏழை வீட்டில் பெரும்பாலும் பூஜ்யம்தான் விழும். வருஷக் கணக்கு கேட்டால்தான் தீபாவளிச் சேலை கணக்கில் ஏறும்.)

இதற்குப் பிறகாவது ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தார்களா? 1999-2000 கணக்கெடுப்பில் இரண்டையும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டமாகப் போட்டார்கள். 7 நாளில் ஒரு கிலோ என்றவரிடம் அடுத்த மூச்சில் 30 நாளுக்குக் கேட்டால் என்ன செய்வார்? நாலால் பெருக்குவார். அவர் பெருக்காவிட்டால் கணக்கெடுப்பாளர் முகம் சுளிப்பார். சோதனையில் மலைக்கும் மடுவுக்கும் இருந்த வித்தியாசம் கட்டத்துக்குள் வந்ததும் பெருமளவு கரைந்துபோனது. அதிலிருந்து வந்த அதிகாரபூர்வ வறுமை 26.1 சதவீதம். 1993-94-ல் அது 36. பொருளாதாரச் சீர்திருத்தத்தின் வெற்றி என்று ஒரு கோஷ்டி கொடி பிடித்தது. படிவத்தின் வெற்றி என்றது மறு கோஷ்டி.

இங்கே ஒரு நிமிஷம். 36 என்பது 26 ஆனால் வறுமை ‘10 சதவீதம் குறைந்தது’ என்று எழுதுகிறவர்களை இந்தப் பக்கத்தில் மன்னிப்பதில்லை. குறைந்தது 10 சதவீதப் புள்ளி. சதவீதத்தில் சொன்னால் ஏறத்தாழ 28. ‘விழுக்காடு என்று எழுதுங்கள்’ என்று கடிதம் போடப்போகும் புலவர் பெருமக்கள் முதலில் இதைத் தீர்த்துவிட்டு வரட்டும்.

முடிச்சை அவிழ்த்தவர்களில் ஆங்கஸ் டீட்டன் ஒருவர், 2015-ல் பொருளாதார நோபல் பெற்றவர். எரிபொருள், சில்லறை மருந்துச் செலவு மாதிரி, எல்லாச் சுற்றிலும் 30 நாள் மட்டுமே கேட்கப்பட்ட இனங்கள் சில இருந்தன. கறைபடாத அந்த இனங்களில் ஒரு குடும்பம் செய்யும் செலவைக் கொண்டு மொத்தச் செலவை மதிப்பிட்டார். அவர் கணக்கில் வறுமை குறைந்தது பெரும்பகுதி உண்மைதான், அரசு சொன்ன அளவுக்கு இல்லை. இரண்டு கோஷ்டிக்கும் ஏமாற்றம். நல்ல ஆய்வுக்கு அதைவிட வேறு அடையாளம் எனக்குத் தெரியாது.

‘முடிவை மாற்றியதுண்டா’ என்று கேட்டீர்கள். ரேஷன் கடைக்கு வாருங்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதும் கிராமத்தில் 75, நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை மானிய தானியம் என்றது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு? 2011-12 செலவுக் கணக்கெடுப்பை விரித்துவைத்து, நாடு முழுக்க ஒரே செலவு வரம்பை வைத்து, அதற்குக் கீழே எந்த மாநிலத்தில் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். தமிழ்நாட்டுக்குக் கிராமத்தில் 62.55, நகரத்தில் 37.79. செலவு கூடுதலாகப் பதிவான மாநிலத்துக்குப் பங்கு குறைவு. சுரைக்காய் சாப்பிட்டோம் என்று ஒளிக்காமல் சொன்னதற்குக் கிடைத்த பரிசு. எல்லோருக்கும் ரேஷன் என்ற பழைய ஏற்பாட்டை நம் மாநிலம் விடவில்லை, அதனால் துண்டு விழுவதைத் தன் கஜானாவிலிருந்து கட்டுகிறது. சில்லறை விலைக் குறியீடும் இப்படித்தான். ரிசர்வ் வங்கி பணவீக்கம் 4 சதவீதம் என்று இலக்கு வைத்துப் பார்த்துவந்த 2012 அடிப்படைக் குறியீட்டில் காய்கறிக்கு நூற்றுக்கு 6.04 எடை. அந்த எடையும் 2011-12 படிவத்திலிருந்து போனதே. அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றி இறக்கியது என்பதால், உங்கள் வீட்டுக் கடன் வட்டியிலும் சுரைக்காய் வாசம் அடிக்கிறது.

ஆய்விலிருந்து அரசியலுக்குப் போன கதையைச் சொன்னேன். அரசியலிலிருந்து ஆய்வுக்குத் திரும்பிய கதையும் உண்டு. 2011 செப்டம்பரில் திட்டக் கமிஷன், வறுமைக்கோடு நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் வைத்தது. டீக்கடை முதல் டிவி வரை சிரித்தார்கள். அது ஒரு தலைக்கு. நகரத்தில் ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் 4,800 சொச்சம். அப்படிச் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள், அது வேறு. கேலி தாங்காமல் ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் சி. ரங்கராஜன் தலைமையில் குழு போட்டார்கள். 2014-ல் அவர் நகரத்துக்கு 47, கிராமத்துக்கு 32 என்றார். 2011-12-க்கான ஏழைகள் 21.9-லிருந்து 29.5 சதவீதமானார்கள். இந்த முறை கோடு நகர்ந்தது.

இப்போது பூசணிக்காய். 2017-18-ல் ஒரு கணக்கெடுப்பு நடந்து முடிந்தது. ஆளுக்கான மாதச் செலவு, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 2011-12-ன் 1,501 ரூபாயிலிருந்து 1,446-க்கு இறங்கியதாக 2019 நவம்பரில் பத்திரிகையில் கசிந்தது. தரம் சரியில்லை, வெளியிட மாட்டோம் என்றது அமைச்சகம். தரம் சரியில்லாத கணக்கெடுப்பை வெளியிட்டு ஆய்வாளர்களைக் குதற விடுவதுதான் வழக்கம். 1999-2000-ஐ அப்படித்தான் செய்தார்கள். இதை முழுசாகச் சோற்றில் மறைத்தார்கள். (2019 ஜனவரியில், வேலைவாய்ப்பு அறிக்கையை நிறுத்திவைத்ததால் புள்ளியியல் ஆணையத்தின் பி.சி. மோகனன் ராஜினாமா செய்தார், உடன் இன்னொரு உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும். வேலையின்மை 6.1 சதவீதம் என்ற அந்த அறிக்கை தேர்தல் முடிந்து மே 31-ல் வந்தது.) செலவுக் கணக்கு இல்லாத இடைவெளியில் ஆளாளுக்குக் கணித்தார்கள். 2022 ஏப்ரலில் மட்டும் இரண்டு கட்டுரைகள்: கடும் வறுமை ஒரு சதவீதத்துக்கும் கீழே என்றது ஒன்று, 2019-ல் 10.2 என்றது இன்னொன்று. நடுவே எத்தனை கோடிப் பேர் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் 2022-23-ல் கணக்கெடுத்து 2024-ல் வெளியிட்டார்கள். ஆளுக்கு மாதம் கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459. ஏடும் போய் டேப்லட் வந்துவிட்டது, பழமொழியைத் திருத்திக்கொள்ளுங்கள். 347 இனங்கள் 405 ஆயின. ஒரே நாளில் கேட்டு உயிரை வாங்காமல், உணவு ஒரு தடவை, சேவைகள் ஒரு தடவை, மிக்ஸி, வண்டி வகையறா ஒரு தடவை என்று மூன்று மாதத்தில் மூன்று முறை வந்தார்கள். அலுப்புக் குறைந்தால் பதில் கூடும், செலவும் கூடித் தெரியும். ஆகவே பழைய எண்ணைக் கழித்து ‘இவ்வளவு முன்னேறிவிட்டோம்’ என்கிறவரையும் நம்பாதீர்கள், ஒன்றுமே மாறவில்லை என்கிறவரையும் நம்பாதீர்கள்.

தருமபுரியில் உங்கள் தெரு மாதிரியில் விழுந்து டேப்லட்டோடு யாராவது வந்தால், பழமொழி சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள்; சமைக்கிறவரைப் பதில் சொல்ல விடுங்கள். சுரைக்காய் கொடியில் காய்த்ததா, கடையில் வாங்கியதா என்பதை வந்தவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். விலை வேறு.